சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்: நான் டொக் வாங்கிய கதை

பொக்ஸிங் டே நெருங்கினால் என் போனுக்கு ஒரே மாதிரியான மெசேஜ்கள் வரத் தொடங்கும். "அக்கா, எந்த லப்டொப் நல்லது?" "அக்கா, இந்த மொனிட்டர் பரவாயில்லையோ?" குடும்பத்தில் ஒருத்தி ஐரி வேலை செய்தால் சொந்தக்காரர் எல்லாருக்கும் அவள்தான் கடைக்கு வழி சொல்ல வேண்டும். எனக்கும் அது பிடித்த வேலைதான்.

இந்த முறை சித்தப்பாவின் மகன் ஒரு படம் அனுப்பியிருந்தான். அவன் இப்போதுதான் பல்கலைக்கழகம் போகத் தொடங்கியிருக்கிறான். படத்தில் இருந்தது ஒரு டொக்கிங் ஸ்டேஷன். "அக்கா, பாதி விலை! 40 ஜிகாபிட், 14 போர்ட். வாங்கட்டோ?"

"கொஞ்சம் பொறு" என்று மட்டும் பதில் போட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அவனுக்கு எழுதத் தொடங்கியதுதான் நீண்டு இந்தக் கட்டுரையாகிவிட்டது. அவனைப் போல இன்னும் பலர் இதைக் கேட்பீர்கள் என்பதால் இங்கேயே போடுகிறேன்.

முதலில், டொக் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு. லப்டொப்பில் இருப்பது இரண்டு மூன்று துளைகள். கொழுவ வேண்டியவையோ பத்து. டொக் என்பது மேசையிலேயே இருக்கும் ஒரு பெட்டி. மொனிட்டர், கீபோர்ட், மவுஸ், கமரா, இணைய வயர் எல்லாவற்றையும் அதில் கொழுவிவிட்டு, அதிலிருந்து ஒரேயொரு கேபிளை லப்டொப்புக்குக் கொடுத்தால் போதும். அதே கேபிள் லப்டொப்பைச் சார்ஜும் செய்யும். வேலை முடிந்தால் அந்த ஒரு கேபிளைக் கழற்றிவிட்டு எழும்பிப் போகலாம்.

கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? எனக்கும் அப்படித்தான் இருந்தது.

எங்கள் வீட்டு மேசை

நாங்கள் இருப்பது ஸ்காபரோவில். வீட்டின் பேஸ்மென்ற்தான் என் அலுவலகம். இரண்டு வருடங்களுக்கு முன் நிரந்தர வேலையை விட்டுவிட்டு, ஒப்பந்த அடிப்படையில் ஆலோசகராக வேலை செய்யத் தொடங்கினேன். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "மாதச் சம்பளத்தை ஆராவது விடுவினமோ?" என்று கேட்டா. அப்பா ஒன்றும் சொல்லவில்லை.

அந்த மேசையைப் பயன்படுத்துவது மூன்று லப்டொப்புகள். ஒன்று, வாடிக்கையாளர் நிறுவனம் எனக்குத் தந்த கனமான விண்டோஸ் லப்டொப். இரண்டாவது, என் சொந்த லப்டொப். மூன்றாவது, அம்மாவின் சின்ன லப்டொப். அம்மா சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு இணையத்தில் தமிழ் படிப்பிக்கிறா. பெரிய திரையில் எல்லாப் பிள்ளைகளின் முகமும் தெரிய வேண்டும் என்பதற்காக அவவும் அந்த மேசைக்கே வருவா.

மேசையில் இரண்டு 4கே மொனிட்டர்கள். ஒவ்வொரு முறை ஆள் மாறும்போதும் ஐந்து வயர்களைக் கழற்றி ஐந்து வயர்களைக் கொழுவ வேண்டும். சனிக்கிழமை அம்மா கழற்றிய வயரைத் திங்கட்கிழமை நான் மேசைக்குக் கீழே தவழ்ந்து தேடுவேன். ஆகவே ஒரு டொக் வாங்குவது என்று முடிவெடுத்தேன்.

நான் பொறியியலில் மாஸ்டர்ஸ் செய்தவள். அதனால் என்ன நடந்தது தெரியுமா? ஒன்றையும் வாசிக்கவில்லை. கடையில் இருந்ததிலேயே பெரிய எண் எதில் இருக்கிறது என்று பார்த்தேன். தண்டர்போல்ட் 4, விநாடிக்கு 40 ஜிகாபிட், இரண்டு 4கே திரை, 90 வாட் சார்ஜ். வரியோடு சேர்த்து 400 டொலருக்கு மேல். ஞாயிற்றுக்கிழமை இரவு எல்லாவற்றையும் கொழுவினேன். இரண்டு திரையும் வந்தன. வயர்களைக் கட்டி ஒழுங்காக்கி, படம் எடுத்து நண்பிகளுக்கு அனுப்பினேன். வாடிக்கையாளரின் லப்டொப்போடு வந்த பெரிய சார்ஜர் இனித் தேவையில்லை என்று பையில் போட்டுக் காரின் டிக்கியில் வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை

அடுத்த நாள் காலை எனக்கு முக்கியமான கூட்டம். மூன்று மாதமாகச் செய்த வேலையை வாடிக்கையாளரின் குழுவுக்குக் காட்ட வேண்டும். ஒப்பந்தத்தை நீட்டிப்பதா இல்லையா என்பதை அந்த மாதம்தான் அவர்கள் முடிவெடுக்க இருந்தார்கள்.

எட்டு மணிக்கு இருந்தபோதே மவுஸ் ஏதோ தேனுக்குள் விழுந்ததுபோல இழுபட்டது. அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தேன். இரண்டு திரைகளும் விநாடிக்கு 60 முறை புதுப்பிக்காமல் 30 முறைதான் புதுப்பித்துக்கொண்டிருந்தன. ஒன்றை 60க்கு மாற்றினேன். மற்றது கறுத்துவிட்டது. திரும்பவும் 30க்கு விட்டேன். பரவாயில்லை, பிறகு பார்க்கலாம்.

நான் கவனிக்காதது வேறொன்று. மூலையில் "மெதுவான சார்ஜர்" என்று ஒரு சின்ன அறிவித்தல் வந்து போயிருந்தது. கேபிள் கொழுவியிருக்கிறது, சார்ஜ் அடையாளமும் தெரிகிறது. அப்படியிருக்க பற்றரி இறங்கும் என்று யார் நினைப்பார்கள்? எட்டு மணிக்கு 60 வீதம் இருந்தது. கனமான வேலையை ஓட்டிக்கொண்டு, காணொளியில் பேசிக்கொண்டு, திரையையும் பகிர்ந்துகொண்டிருக்க, அது மெல்ல மெல்ல வடிந்துகொண்டே இருந்தது. பதினொரு மணிக்கு, மிக முக்கியமான படத்தைக் காட்டும் நேரத்தில், லப்டொப் அணைந்துவிட்டது.

சார்ஜர் காரில். வெளியில் பனி. வீட்டுச் செருப்போடு ஓடினேன். திரும்பி வந்து, சார்ஜரைக் கொழுவி, லப்டொப் எழும்பிக் கூட்டத்துக்குள் போக 12 நிமிடம் எடுத்தது. அதற்குள் பாதிப்பேர் போய்விட்டார்கள். மேலாளர் மரியாதையாகத்தான் பேசினார். "பரவாயில்லை, வேறொரு நாள் வைப்போம்" என்றார். அந்தப் "பரவாயில்லை" அன்று முழுவதும் என் காதுக்குள்ளேயே இருந்தது.

அப்பா கேட்ட கேள்வி

நான் பனிக்குள் ஓடியதை அப்பா ஜன்னலால் பார்த்திருக்கிறார். பின்னேரம் தேத்தண்ணியோடு கீழே வந்தார்.

அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் அவர் வீடுகளுக்கு வயரிங் செய்தவர். கனடாவுக்கு வந்தபிறகு ஒரு தொழிற்சாலையில் 25 வருடம் இரவு வேலை. இங்கே அவரிடம் அந்தத் தொழிலுக்கான பத்திரம் இல்லை. ஊரில் செய்த வேலையைப் பற்றி அவர் பெரிதாகக் கதைப்பதும் இல்லை. என் வேலையைப் பற்றி நானும் அவரோடு கதைத்ததில்லை. தமிழில் சொல்லத் தொடங்கினால் எனக்குச் சொற்கள் வராது. ஆங்கிலத்தில் சொன்னால் அவர் "ஓம், ஓம்" என்று தலையாட்டுவார். இரண்டு பேருக்கும் ஒரு மாதிரி இருக்கும். அதனால் விட்டுவிட்டோம்.

அன்று அவர் அந்தப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"பிள்ளை, உது எங்கையிருந்து எடுக்குது?"

"என்னது அப்பா?"

"உதுக்குள்ள இத்தினை சாமான் கொழுவியிருக்கிறாய். எல்லாத்துக்கும் குடுக்கிறதை உது எங்கையிருந்து எடுக்குது?"

"லப்டொப்பில இருந்து. இது பிரிச்சுக் குடுக்கிற பெட்டி."

"பிரிச்சுக் குடுக்கிறதெண்டா, வாறது எவ்வளவு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. பெட்டி எவ்வளவு கொடுக்கும் என்று அட்டையில் வாசித்திருந்தேன். அந்தப் பெட்டிக்கு என் லப்டொப் எவ்வளவு கொடுக்கும் என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

அப்பா சிரிக்கவில்லை. மேசையில் கிடந்த பலசரக்குக் கடைத் துண்டுப்பிரசுரத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் மூன்று கோடு போட்டார். ஊரில் ஒரு வீட்டுக்கு வயரிங் செய்யப் போனால் முதலில் வயரைத் தொடமாட்டாராம். வீட்டுக்காரரோடு இருந்து பட்டியல் எடுப்பாராம். என்ன சாமான், எவ்வளவு எடுக்கும், மற்றதுகளோடு ஒரே நேரத்தில் ஓடுமா.

"மூண்டாவதுதான் முக்கியம்," என்றார். "அயன் பொக்ஸும் தண்ணி மோட்டரும் தனித்தனிய ஓடினா ஒண்டுமில்லை. ரெண்டும் ஒண்டா ஓடினா என்ன நடக்குமெண்டு பாக்கவேணும். எக்ஸ்ரென்ஷன் பெட்டியில பத்துத் துளை இருக்கெண்டாப்போல பத்து மடங்கு கறண்ட் வராது."

மேலே குசினிக்குள் இருந்து அம்மாவின் குரல் வந்தது. "சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்!" தமிழ் ரீச்சர் அல்லவா, பழமொழி இல்லாமல் இருக்க மாட்டா.

அந்த இரவு நாங்கள் இரண்டு பேரும் அந்தத் தாளை நிரப்பினோம். நான் லப்டொப்பின் விபரங்களைத் தேடி வாசிக்க, அவர் எழுதினார். சொல் வராத இடத்தில் படம் கீறினேன். அந்தத் தாளில் இருந்த நான்கு கேள்விகளைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

1. லப்டொப்பின் துளை என்ன துளை?

இன்றைய லப்டொப்புகளில் இருக்கும் சின்ன நீள்வட்டத் துளைக்கு யூஎஸ்பி-சி என்று பெயர். 2014இல் வந்தது. உள்ளே 24 ஊசிகள். நாங்கள் எல்லாரும் விடும் பிழை இங்கேதான் தொடங்குகிறது: யூஎஸ்பி-சி என்பது துளையின் வடிவம் மட்டுமே. அதற்குள்ளால் என்ன போகும் என்பது வேறு விடயம்.

ஒரே வடிவத் துளை ஒரு லப்டொப்பில் விநாடிக்கு 5 ஜிகாபிட் கடத்தும். இன்னொன்றில் 10. தண்டர்போல்ட் 3, தண்டர்போல்ட் 4 என்றால் 40 வரை. யூஎஸ்பி4 என்றால் 20 அல்லது 40. 2023இல் அறிவிக்கப்பட்ட தண்டர்போல்ட் 5 என்றால் 80, திரைகளுக்காக ஒரு பக்கமாக 120 வரையும் போகும். சில துளைகள் படத்தையே அனுப்பாது, தரவு மட்டும்தான். சிலவற்றில் சார்ஜ் ஏறாது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுதான்.

என் சொந்த லப்டொப்பில் துளைக்குப் பக்கத்தில் மின்னல் அடையாளம் இருந்தது. அது தண்டர்போல்ட். வாடிக்கையாளரின் லப்டொப்பில் அது இல்லை. அது 10 ஜிகாபிட் துளை. ஆகவே 40 ஜிகாபிட் பெட்டியை அதில் கொழுவினால், பெட்டி இறங்கிவந்து 10 ஜிகாபிட் பெட்டியாக நடந்துகொண்டது. அது வேலை செய்ததே என் அதிர்ஷ்டம். பழைய தண்டர்போல்ட் 3 டொக்குகளில் பல, தண்டர்போல்ட் இல்லாத லப்டொப்பில் எழும்பவே எழும்பாது.

2. எத்தனை திரை, எவ்வளவு பெரிய திரை?

மேசையில் அதிகமாகத் தின்பது திரைதான். கணக்குப் பார்ப்போம், பயப்படாதீர்கள். 4கே திரையில் 3840 × 2160 புள்ளிகள், அதாவது கிட்டத்தட்ட 83 இலட்சம். ஒவ்வொரு புள்ளிக்கும் நிறத்துக்கு 24 பிட். விநாடிக்கு 60 முறை. பெருக்கினால் ஏறத்தாழ 12 ஜிகாபிட். இடைவெளிகளையும் சேர்த்தால் பன்னிரண்டரை. இது ஒரு திரைக்கு.

தண்டர்போல்ட் இல்லாத யூஎஸ்பி-சி துளையில் வேகமான தரவுக்கு நான்கு பாதைகள் உண்டு. டொக் கொழுவும்போது வழக்கமாக இரண்டு பாதை படத்துக்கும் இரண்டு பாதை தரவுக்கும் போகும். டிஸ்பிளேபோர்ட் 1.4 உள்ள லப்டொப்பில் படத்துக்கான அந்த இரண்டு பாதையும் சேர்ந்து கடத்துவது 12.96 ஜிகாபிட். ஒரு 4கே திரைக்கு மட்டுமட்டாகக் காணும். இரண்டு திரையைக் கொழுவினால்? அதே அளவைப் பாதியாகப் பங்கிட வேண்டும். அதனால்தான் என் இரண்டு திரையும் 30இல் நின்றன. ஒன்றை 60க்கு உயர்த்தியபோது மற்றது கறுத்ததற்கும் அதுதான் காரணம். பழுது என்று நினைத்த ஒன்று வெறும் கூட்டல் கணக்கு.

தண்டர்போல்ட் 4 அடையாளம் உள்ள லப்டொப் என்றால் இரண்டு 4கே திரையை 60இல் காட்டியே ஆகவேண்டும் என்பது அதன் விதி. ஆகவே என் சொந்த லப்டொப்பில் அதே பெட்டி அட்டையில் சொன்னபடியே வேலை செய்தது.

உங்களில் பலர் அப்பிள் லப்டொப் வைத்திருப்பீர்கள். அதில் இன்னொரு எல்லை உண்டு. 2020இல் வந்த எம்1 மக்புக் எயார், 2022இல் வந்த எம்2 எயார் இரண்டும் வெளித்திரை ஒன்றைத்தான் ஏற்கும். 2024இல் வந்த எம்3 எயார், மூடியை மூடினால் இரண்டை ஏற்கும். 2025இல் வந்த எம்4 எயார் மூடியைத் திறந்து வைத்தும் இரண்டை ஏற்கும். எவ்வளவு விலை கூடிய டொக் வாங்கினாலும் அந்த எண்ணிக்கை தானாகக் கூடாது. இன்னொன்றும் உண்டு. விண்டோஸில் ஒரு டிஸ்பிளேபோர்ட் வழியைப் பிரித்து இரண்டு வேறு திரைகள் காட்டும் முறை, மக்கில் ஒரே படத்தையே இரண்டிலும் காட்டும்.

டிஸ்பிளேலிங்க் என்று ஒரு சுற்றுவழி இருக்கிறது. படத்தைக் கணினியே சுருக்கி, சாதாரணத் தரவாக அனுப்பி, டொக்கில் விரிக்கும் முறை. எழுத்து வேலைக்குக் காணும். ஆனால் அதற்கென்று ஒரு மென்பொருள் நிறுவ வேண்டும். நிறுவனம் தந்த லப்டொப்பில் பெரும்பாலும் அதற்கு அனுமதி கிடைக்காது. பாதுகாக்கப்பட்ட படங்கள் சில வேளைகளில் கறுப்பாகத் தெரியும். விளையாட்டுகளுக்கும் அது சரிவராது.

3. எத்தனை வாட்?

என்னைக் கூட்டத்தில் விழுத்தியது இதுதான். சார்ஜரின் அடியில் சின்ன எழுத்தில் வோல்ட், அம்பியர் இரண்டும் இருக்கும். பெருக்கினால் வாட். 20 வோல்ட், 3.25 அம்பியர் என்றால் 65 வாட். அப்பாவுக்கு இதை விளக்கத் தேவையே இருக்கவில்லை. நான் சார்ஜரைத் திருப்ப முன்னமே அவர் பேனையை எடுத்துவிட்டார்.

மெல்லிய லப்டொப்புக்கு 45 முதல் 65 வாட் வரை காணும். பெரிய லப்டொப்புகள் 100ஐத் தாண்டும். யூஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் செய்யும் முறை முன்னர் 100 வாட்டோடு நின்றது. 2021இல் வந்த விதியில் 240 வாட் வரை உயர்த்தினார்கள். ஆனால் டொக்குகளில் பெரும்பாலானவை 60க்கும் 100க்கும் இடையில்தான் கொடுக்கின்றன. சொந்தமாக மின்சாரம் எடுக்காத சின்ன ஹப் என்றால், உங்கள் சார்ஜரிலிருந்து வருவதில் தனக்கும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் லப்டொப்புக்கு விடும்.

வாடிக்கையாளரின் லப்டொப்போடு வந்த சார்ஜர் 150 வாட்டுக்கு மேல். நான் கொடுத்தது 90. சும்மா இருக்கும்போது தெரியாது. கனமான வேலை ஓடும்போது குறைகிற வாட்டைப் பற்றரியிலிருந்து எடுக்கும். "இது தண்ணித் தாங்கி மாதிரித்தான்," என்றார் அப்பா. "வாறதை விடப் போறது கூடினா தாங்கி வத்தத்தானே வேணும்."

4. என்னென்ன ஒரே நேரத்தில் ஓடும்?

மிச்சச் சாமான்களை எழுதினோம். கீபோர்டும் மவுஸும் எடுப்பது ஒன்றுமே இல்லை. கமரா கொஞ்சம். இணைய வயர் 1 ஜிகாபிட்டுக்கு மேல் போகாது, எங்கள் வீட்டு இணையமே அவ்வளவு இல்லை. வெளியே கொழுவும் வேகமான எஸ்எஸ்டி மட்டும்தான் உண்மையில் பாதையை நிரப்பும். அதை நான் மாதத்தில் ஒரு முறை பயன்படுத்துகிறேன், அதுவும் காப்புப் பிரதி எடுக்க, இரவில்.

ஆக, எனக்கு 40 ஜிகாபிட் தேவை என்று நான் நினைத்திருந்தேனே, தாளில் கூட்டிப் பார்த்தால் திரைகளைத் தவிர்த்து 10க்குள் எல்லாம் அடங்கியது. காணொளி தொகுப்பவர்கள், பெரிய கோப்புகளை நாள் முழுவதும் வெளி எஸ்எஸ்டியில் வைத்து வேலை செய்பவர்கள், 60ஐ விடக் கூடிய புதுப்பிப்பு வேகத்தில் இரண்டு திரை வைத்திருப்பவர்கள் ஆகியோருக்கு 40ம் 80ம் தேவை. அவர்களின் லப்டொப்பிலும் அது இருக்க வேண்டும்.

கேபிளை மறக்காதீர்கள்

துளையைப் போலத்தான் கேபிளும். போன் சார்ஜரோடு வரும் யூஎஸ்பி-சி கேபிள்களில் பல, வேகத்தில் 2000ஆம் ஆண்டில் வந்த யூஎஸ்பி 2.0 தான், விநாடிக்கு 480 மெகாபிட். அதை டொக்குக்குக் கொழுவினால் திரையே வராது. 60 வாட்டுக்கு மேல் கொண்டுபோக, 5 அம்பியர் தாங்குவதாக உள்ளே ஒரு சின்னச் சிப் சொல்லும் கேபிள் வேண்டும். டொக்கோடு வந்த கேபிளையே பயன்படுத்துங்கள். அதில் ஒரு துண்டு ரேப் ஒட்டி, "இதை எடுக்காதீர்கள்" என்று எழுதுங்கள். எங்கள் வீட்டில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறது.

இன்னொரு சின்ன விடயம். அம்மாவின் வயரில்லா மவுஸ் வகுப்பு நடக்கும்போது துள்ளத் தொடங்கியது. அதன் சின்ன ரிசீவரை டொக்கின் யூஎஸ்பி 3 துளையில் கொழுவியிருந்தேன். யூஎஸ்பி 3 வேலை செய்யும்போது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் எழுப்பும். பல வயரில்லா மவுஸ்கள் பேசுவதும் அதே பகுதியில்தான். இன்டெல் நிறுவனம் 2012இலேயே இதைப் பற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டிருந்தது. ரிசீவரை ஒரு சின்ன நீட்டிப்பு வயரில் கொழுவி, டொக்கை விட்டுத் தள்ளி வைத்தேன். துள்ளல் நின்றது.

கடைசியில் என்ன வாங்கினேன்?

அந்தப் பெட்டியைக் கடைக்குத் திருப்பிக் கொடுத்தேன். திறந்த பெட்டி என்று கொஞ்சக் காசு கழித்தார்கள். படிப்புக்குக் கட்டிய காசு என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு வாங்கியது சாதாரண யூஎஸ்பி-சி டொக், 10 ஜிகாபிட், விலை முந்தியதில் மூன்றிலொரு பங்கு. ஒரு 4கே திரையை மட்டும் அதில் கொழுவினேன். அது முழுசாக 60இல் ஓடுகிறது. இரண்டாவது திரையை லப்டொப்பிலேயே சும்மா கிடந்த எச்டிஎம்ஐ துளைக்கு நேரே கொடுத்தேன். வாடிக்கையாளரின் லப்டொப்புக்கு அதனுடைய பெரிய சார்ஜர், மேசைக்குக் கீழே நிரந்தரமாகக் கட்டியிருக்கிறது. அம்மாவுக்கு ஒரு திரை போதும், அவவின் லப்டொப்புக்கு 65 வாட்டும் காணும். அவவுக்கு மட்டும் உண்மையாகவே ஒரே கேபிள்.

எனக்கோ மூன்று கேபிள். நான் படம் எடுத்து அனுப்பிய அந்த ஒரு கேபிள் மேசை இப்போது இல்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்திலும் லப்டொப் அணையவில்லை. தள்ளிப்போன அந்தக் கூட்டம் பத்து நாள் கழித்து நடந்தது. ஒப்பந்தத்தையும் நீட்டித்தார்கள்.

இப்போது சித்தப்பாவின் மகனுக்கு என் பதில். தம்பி, டொக்கின் படத்தை எனக்கு அனுப்பாதே. உன் லப்டொப்பின் மொடலை அனுப்பு. அதன் சார்ஜரின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. பிறகு ஒரு தாளை எடுத்து மூன்று கோடு போடு: என்ன சாமான், எவ்வளவு எடுக்கும், ஒரே நேரத்தில் ஓடுமா. அந்தத் தாளை நிரப்பின பிறகும் உனக்கு 14 போர்ட் தேவையென்றால் வாங்கு. உன் அறையில் ஒரு மொனிட்டர்தான் இருக்கிறது என்று சித்தி சொன்னா. அப்படியென்றால் 50 டொலர் ஹப் ஒன்றே காணும், மிச்சக் காசுக்கு நல்ல கதிரை வாங்கு.

எங்கள் தாள் இப்போதும் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறது. ஒரு பக்கம் அப்பாவின் கையெழுத்தில் வாட் கணக்கு, மறுபக்கம் வெண்டிக்காய் மலிவு விலை. அப்பா பிறகு பிளக்கில் கொழுவி வாட் பார்க்கும் சின்ன மீற்றர் ஒன்று வாங்கி வந்தார். பின்னேரங்களில் தேத்தண்ணியோடு கீழே வந்து, "இப்ப எவ்வளவு எடுக்குது?" என்று கேட்பார். நான் எண்ணைச் சொல்வேன். அது ஏன் ஏறியிருக்கிறது என்று கேட்பார். அன்று என்ன வேலை செய்தேன் என்று சொல்லத் தொடங்குவேன், தெரிந்த தமிழில், தெரியாத இடத்தில் படம் கீறி.